கார்பன் தேதி: சிதைவை எண்ணுவதா, அணுவை எண்ணுவதா?

கீழடி, சிவகளை என்று எந்த அகழாய்வுச் செய்தியை எடுத்தாலும் ‘ஏ.எம்.எஸ். முறையில் காலம் கணிக்கப்பட்டது’ என்ற வரி வந்துவிடுகிறது. அணுவையே நேராக எண்ணும் முறை அது. அந்த மூன்றெழுத்து இருந்தால் தேதி துல்லியம், சிதைவை எண்ணும் பழைய முறை என்றால் தோராயம் என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். விஷயம் அப்படி இல்லை.

கார்பன் என்றால் கருவில் 6 புரோட்டான். அதில் மாற்றமே கிடையாது. மாறுவது நியூட்ரான். 6 நியூட்ரான் உள்ள கார்பன்-12தான் கிட்டத்தட்ட 99 சதவீதம். 7 உள்ள கார்பன்-13 சுமார் 1 சதவீதம். 8 உள்ள கார்பன்-14 லட்சம் கோடி அணுவில் ஒன்று தேறினால் அதிகம். இந்த மூன்றாவது ஐசோடோப்பு மட்டும் நிலையற்றது. பீட்டா துகளை உமிழ்ந்துவிட்டு நைட்ரஜனாகிவிடும். 5,730 ஆண்டில் பாதி காலி. மரமோ மாடோ செத்த பிறகு புது கார்பன்-14 உள்ளே சேராது என்பதால், மிச்சம் எவ்வளவு என்று தெரிந்தால் வயது தெரிந்துவிடும்.

அந்த மிச்சத்தை அளப்பதில்தான் இரண்டு கட்சி. கல்யாண மண்டபத்தில் எத்தனை பேர் என்று அறிய, வாசலில் நின்று நிமிடத்துக்கு எத்தனை பேர் வெளியேறுகிறார்கள் என்று பார்த்துக் கணக்குப் போடலாம். உள்ளே போய்த் தலையையும் எண்ணலாம்.

வாசலில் நின்றவர் அமெரிக்க வேதியியலாளர் வில்லார்ட் லிபி. 1949இல் சிகாகோவில் அவர் குழு வெளியிட்ட முறை இது. 1960இல் வேதியியல் நோபல் கிடைத்தது. இன்றைய மரத்திலிருந்து எடுத்த 1 கிராம் கார்பனில் கார்பன்-14 அணுக்கள் சுமார் 6,000 கோடி இருக்கும். ஆனால் நிமிடத்துக்குச் சிதைவது 14தான். நாள் முழுக்கக் காத்திருந்தாலும் 20,000 சொச்சம். 17,000 ஆண்டுப் பழைய மாதிரி என்றால் நிமிடத்துக்கு 2கூட வராது. அதற்குள் விண்ணிலிருந்து வரும் கதிர்கள் வேறு கருவியில் பொய்க் கணக்கு ஏற்றும். அதனால் கிராம் கணக்கில் மாதிரி வேண்டும், தடித்த ஈயக் கவசம் வேண்டும், பொறுமையும் வேண்டும்.

சரி, நேராக அணுவையே எண்ணினால் என்ன? மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரின் வேலையே அதுதானே. அணுவுக்கு மின்னூட்டம் ஏற்றி, காந்தப்புலத்தில் ஓடவிட்டால் லேசானது அதிகம் வளையும், கனமானது குறைவாக வளையும். பிரிட்டன் விஞ்ஞானி ஆஸ்டன் 1919இலேயே இந்த வகைக் கருவியைக் கட்டிவிட்டார். கார்பன்-14இடம் அது பலிக்காததற்குக் காரணம் காற்றில் நிறைந்திருக்கும் நைட்ரஜன்-14. கார்பன்-14இன் நிறை 14.00324, நைட்ரஜன்-14இன் நிறை 14.00307; இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு வளைவதால் பிரிக்க முடியவில்லை. போதாததற்கு, கார்பன்-12உடன் இரண்டு ஹைட்ரஜன் ஒட்டிய மூலக்கூறும் அதே 14 நிறையில் வந்து நிற்கும்.

1977இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர், கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகங்களில் இருந்த குழுக்கள் கண்டுபிடித்த வழி அழகானது. மின்னூட்டத்தை எதிர்மின்னாக ஏற்றினார்கள். நைட்ரஜன் எதிர்மின் அயனியாக நிலைத்து நிற்காது; வாசலிலேயே கழன்றுவிடும். மூலக்கூறுகளை உயர் மின்னழுத்தத்தில் முடுக்கி, மெல்லிய தகட்டிலோ வாயுவிலோ மோதவிட்டால் அவை உடைந்து போகும். கடைசியில் மிஞ்சுவது கார்பன்-14. இதுதான் முடுக்கி சேர்ந்த ஏ.எம்.எஸ். ஒரு மில்லிகிராம் கார்பன் போதும். இயேசுவின் உடலைப் போர்த்தியது என்று பலர் நம்பும் டூரின் துணியை 1988இல் அரிசோனா, ஆக்ஸ்ஃபோர்டு, சூரிச் ஆய்வகங்கள் சோதித்தபோது, ஒவ்வொன்றுக்கும் கிடைத்தது தபால்தலை அளவுத் துண்டு. கி.பி. 1260–1390 என்று விடை வந்தது. பழைய முறை என்றால் அந்தத் துணியில் கைக்குட்டை அளவாவது வெட்டியிருக்க வேண்டும், யார் விட்டிருப்பார்கள்?

ஆனால் துல்லியத்தில் பழையது இளைத்ததில்லை. காற்றில் கார்பன்-14 அளவு எல்லாக் காலத்திலும் ஒன்றாக இருந்ததில்லை; அதனால் அளந்த வயதை உண்மை ஆண்டாக மாற்ற ஒரு திருத்த வளைகோடு வேண்டும். மர வளையங்களை வைத்து 1980களில் உருவான அந்த வளைகோட்டுக்கு சியாட்டில், பெல்ஃபாஸ்ட் ஆய்வகங்கள் சிதைவை எண்ணித்தான் அடிப்படை போட்டன. மரம் தாராளமாக இருந்தது, பொறுமையும் இருந்தது.

என் கணக்கில் ஏ.எம்.எஸ். ஜெயிப்பது வேறு இடத்தில்: எதைச் சோதிப்பது என்று தேர்ந்தெடுக்க விடுகிறது. விறகுக் கரி கை நிறையக் கிடைக்கும். ஆனால் அந்த மரம் அடுப்புக்கு வருவதற்கு 200 ஆண்டு முன்பே அதன் உள்வளையம் செத்திருக்கலாம். நெல் அப்படியல்ல, அந்தந்த ஆண்டு விளைச்சல். சிவகளையில் முதுமக்கள் தாழிக்குள் கிடைத்த நெல்லுக்குக் கி.மு. 1155 என்று தேதி சொல்ல முடிந்தது இதனால்தான். இதன் மறுபக்கமும் உண்டு. மில்லிகிராம் மாதிரியில் ஒரு வேர்நுனி கலந்தாலும் தேதி நகரும். எலி வளை வழியே கீழே இறங்கிய ஒரு நெல்மணி, குழியின் வயதையே மாற்றிச் சொல்லும்.

இரண்டுமே தோற்கும் இடமும் ஒன்று இருக்கிறது. கி.மு. 800 முதல் 400 வரை அந்தத் திருத்த வளைகோடு கிட்டத்தட்டத் தட்டையாகப் போகிறது; அதாவது வெவ்வேறு ஆண்டு மாதிரிகளும் ஏறக்குறைய ஒரே அளவைக் காட்டும். கீழடியில் 353 செ.மீ. ஆழத்து மாதிரிக்குச் சொல்லப்பட்ட கி.மு. 580 சரியாக அதற்குள் விழுகிறது. கருவி எவ்வளவு நன்றாக எண்ணினாலும், ஒற்றை மாதிரியிலிருந்து அகலமான வீச்சுதான் கிடைக்கும். அதைச் சுருக்க, ஒரே குழியில் மேலிருந்து கீழாகப் பல மாதிரிகளை எடுத்து, அடுக்கு வரிசையோடு சேர்த்துக் கணிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் கிராம் கணக்கில் கரி கேட்கும் முறையோடு அது நடக்கிற காரியமில்லை.