கிரேடிங்குக்குக் கொடுத்த வெள்ளி டாலர் வெளுத்துத் திரும்பியது, 14,500 ரூபாயும் போனது

நேற்று சாயங்காலம்தான் காசு கைக்கு வந்தது. இராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. இராமநாதபுரம் பக்கம் வீட்டில் பழைய வெள்ளிக் காசு வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள்.

எங்களுக்கு தேவிபட்டினம் பக்கம். அப்பத்தாவின் தகரப் பெட்டியில் இருந்த 1903-ஆம் வருஷத்து ஸ்ட்ரெய்ட்ஸ் டாலர் அது, வெள்ளைக்காரன் காலத்தில் மலாயா பக்கம் புழங்கிய வெள்ளிக் காசு. பாட்டனார் பினாங்கில் கடையில் நின்றுவிட்டுத் திரும்பும்போது கொண்டுவந்தது. ஒரு பக்கம் ஏழாம் எட்வர்ட் தலை, மறுபக்கம் சீன எழுத்தும் ஜாவி எழுத்தும் (மலாயை அரபு எழுத்தில் எழுதுவது). பம்பாயில் அடித்து, மலாயாவுக்குப் போய், அங்கிருந்து எங்கள் கடற்கரைக்கு வந்த காசு. கிட்டத்தட்ட 27 கிராம். பட்டுத் துணிச் சுருளிலேயே கிடந்ததால் விளிம்பில் நீலம், அதற்குள் ஊதா, நடுவில் தேன் நிறம் ஏறியிருந்தது. கந்தகம் பட்டு வெள்ளியின் மேல் படியும் மெல்லிய படலம்தான் அது. தடிமன் மாற மாற நிறமும் மாறும். குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கும் அப்பத்தா இந்தக் காசை மட்டும் தொட விட்டதில்லை.

கிரேடிங்குக்கு, அதாவது காசு அசலா, எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்து எண் போட்டு லேபிளோடு பெட்டியில் அடைத்துத் தரும் நிறுவனத்துக்கு, அனுப்பலாமா வேண்டாமா என்று மூன்று மாதம் யோசித்தேன். நிறம் தானாக ஏறியது என்று ஒத்துக்கொண்டால் மதிப்பு கூடும். செயற்கை என்று சந்தேகப்பட்டால் கிரேடு எண்ணே கிடைக்காது. விற்கும் எண்ணமும் இல்லை. பேசாமல் விட்டிருக்க வேண்டும்.

கடைசியில் டவுனில் பழைய காசு வாங்கி விற்கும் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். துணியைப் பிரித்ததும் கடைப் பையன் வெறும் கையால் எடுக்கவில்லை. பருத்திக் கையுறை மாட்டி, விளிம்பை மட்டும் இரண்டு விரலால் பிடித்து, விளக்கடியில் மெதுவாகச் சாய்த்தான். ஒளி காசைச் சுற்றி ஓடியது. "அண்ணே, பாத்தீங்களா? நிறத்துக்கு அடியில பளபளப்பு அப்படியே இருக்கு. இதை யாரும் துடைக்கவே கூடாது" என்றான். அப்பத்தா சொன்னதையே சொல்கிறானே என்று மனசு இளகிவிட்டது. வெளிநாட்டில் கிரேடிங், கூரியர், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து 14,500 ரூபாய் என்றான். அங்கேயே ஜிபேயில் போட்டேன். ரசீதில் 'நாணயம் 1' என்று மட்டும் எழுதிக் கொடுத்தான். வருஷம் இல்லை, எடை இல்லை, படம் இல்லை. நானும் கேட்கவில்லை.

அப்புறம் அலைச்சல்தான். முதலில் "கஸ்டம்ஸ்ல நிக்குதுண்ணே". அடுத்து முதலாளி மதுரை போயிருக்கிறார். அடுத்த வாரம் போன் எடுக்கவே இல்லை. நேரில் போனால் "உங்களுக்கு மட்டும் என்ன அவசரம்?" என்கிறான். 14,500 ரூபாய் கொடுத்தவனிடம்!

நேற்று ஒரு பிளாஸ்டிக் பெட்டியை நீட்டினான். உள்ளே எவர்சில்வர் கரண்டி மாதிரி வெளுத்த காசு. விளிம்பிலிருந்த பழைய நசுங்கலை வைத்துத்தான் எங்கள் காசு என்றே தெரிந்தது. லென்ஸில் பார்த்தால் ராஜாவின் கன்னம் முழுக்க ஒரே திசையில் மயிரிழைக் கீறல்கள். தேய்த்திருக்கிறார்கள். லேபிளில் இருந்த எண்ணை, அதில் பெயர் போட்டிருந்த கிரேடிங் நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டேன். அப்படி ஒரு எண்ணே இல்லை. கேட்டதற்கு "சுத்தமா இருந்தாத்தான் கிரேடு தருவாங்க" என்கிறான். பச்சைப் பொய். தேய்த்த காசை 'சுத்தம் செய்யப்பட்டது' என்று குறித்து கிரேடு எண் தராமல் ஒதுக்குவதுதான் வழக்கம். போன நிறம் என் ஆயுசில் திரும்பி வராது.

காசு நாட்டைத் தாண்டியே இருக்காது என்று இப்போது படுகிறது. 1972-ஆம் வருஷத்து தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷம் கடந்த காசைத் தனி ஆள் வெளிநாட்டுக்கு அனுப்பவே முடியாது. இதை நேற்று இராத்திரிதான் படித்தேன்.

என்ன செய்யணும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது மனசு ஓடவில்லை. காசைத் துலக்காதீர்கள். கொடுக்கும் முன் இரண்டு பக்கமும் படம் எடுங்கள், எடை போடுங்கள், இரண்டையும் ரசீதில் எழுத வையுங்கள். வெளிநாட்டுக்கு அனுப்புகிறேன் என்றால் காசை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். லேபிள் எண்ணைக் கடையில் நிற்கும்போதே சரிபாருங்கள்.

1915 நுகர்வோர் எண்ணுக்குக் காலையில் போன் செய்து புகார் பதிந்துவிட்டேன். திங்கட்கிழமை ரசீதோடு நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். இதே மாதிரி கொடுத்து ஏமாந்தவர்கள் இந்தப் பக்கம் இருந்தால் ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள், எனக்குச் சொல்லுங்கள், சேர்ந்தே போகலாம்.