வெள்ளைப்புள்ளி வந்த கடல் மீனுக்கு: செம்பு மருந்தா, உப்பைக் குறைப்பதா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கடல் மீன் தொட்டி வைத்திருக்கும் தம்பிகள் இருவர் ஒரே வாரத்தில் இதைக் கேட்டார்கள். எதைச் செய்தாலும் தனித் தொட்டியில்தான். பவளமும் இறாலும் இரண்டையுமே தாங்காது.

செலவு: செம்புக்கு மருந்தோடு சோதனைக் கருவியும் வேண்டும், அதற்கு ஈப்போ நகரம் வரை போக வேண்டியிருக்கும். உப்பைக் குறைக்க, நீரின் உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்று போதும்.

மீனுக்குச் சிரமம்: செம்பில் சில மீன்கள் தீனி எடுக்காது, அளவு கூடினால் செத்தே போகும். உப்புக் குறைந்த நீரில் பெரும்பாலானவை நிம்மதியாக இருக்கும்.

கவனம்: இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். உப்பைக் குறைக்கும்போது உப்படர்த்தி (ரிஃப்ராக்டோமீட்டர் காட்டும் ஒப்படர்த்தி) 1.009-ஐத் தாண்டினால் வெள்ளைப்புள்ளியை உண்டாக்கும் ஒட்டுண்ணி பிழைத்துக்கொள்ளும். நம் வெயிலில் நீர் சீக்கிரம் ஆவியாகி உப்பு ஏறும். அதனால் தினமும் அளந்து நன்னீர் ஊற்ற வேண்டும். செம்பையும் தினமும் அளக்க வேண்டும். பாறையும் மணலும் அதை உறிஞ்சிவிடும், வெறும் தொட்டியில் ஒளிய ஒரு பிவிசி குழாய் போடுங்கள்.

புள்ளி உப்புத்தூள் மாதிரி தெரிந்து, மீன் நன்றாகத் தின்றால் உப்பைக் குறைத்து, கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் நான்கு வாரம் வையுங்கள். அப்புறம் மெதுவாக, ஒரு வாரத்தில் ஏற்றுங்கள். பொன்தூள் தூவியது போல் மினுங்கி மூச்சு வாங்கினால் அது வெல்வெட் நோய். உப்பைக் குறைப்பது அதற்கு உதவாது, அன்றைக்கே செம்பு.