சுவர் ஓவியமா, பாட்டில் மீனா, களிமண் பிள்ளையாரா, கூத்தா? ஓர் ஏரிக்கரைக் கணக்கு

எங்கள் ஏரி தருமபுரி மாவட்டத்தில் பாலக்கோடு போகும் வழியில் இருக்கிறது. பெரிய ஏரி என்று சொல்ல முடியாது. நல்ல மழை வந்தால் நிரம்பி, மிச்சத் தண்ணீர் கோடி வழியாக வெளியே போகும், இல்லாவிட்டால் பையன்கள் உள்ளே இறங்கி கிரிக்கெட் ஆடுவார்கள். இரண்டுக்கும் நடுவில் கறிக்கடைக் கழிவும் கல்யாண மண்டபத்துத் தட்டும் வந்து விழும்.

இந்த ஏரியை ஊர் மறக்கக் கூடாது, அதற்குக் கலையைப் பயன்படுத்தலாம், அந்தக் காசு உள்ளூர்க் கலைஞர் கைக்கே போக வேண்டும். மூன்றும் ஒன்றாக நடக்குமா என்று மூன்று வருடமாகச் செய்து பார்த்துக்கொண்டிருக்கிறோம். பெங்களூரிலும் ஓசூரிலும் வேலை பார்க்கும் எங்கள் பிள்ளைகள் அனுப்புவதும் இங்கே வசூலாவதும் சேர்ந்து வருடத்துக்கு 75,000 ரூபாய் தேறும். அதை எதில் போட்டோம், எது நின்றது, எது பல்லிளித்தது என்பதைத்தான் எழுதுகிறேன். இதே யோசனையில் இருக்கும் வேறு ஊர்க்காரர்களுக்கு உதவும்.

முதல் வருடம்: சுவர்

கரையோரம் 60 அடி நீளத்துக்கு ஒரு சுவர். எல்லாருக்கும் முதலில் தோன்றுவது சுவர்தான். சென்னை கண்ணகி நகரில் 2020-இல் அடுக்குமாடிச் சுவர்களில் வரைந்ததைப் பார்த்த பையன் ஒருவன், "அதே மாதிரி பண்ணலாம்ணா" என்றான். நகரத்திலிருந்து ஒரு குழு வந்தது. நான்கு நாள் வேலை. பெயின்ட், தங்கும் அறை, சாப்பாடு, கூலி எல்லாம் போக எங்களிடம் மிஞ்சியது பிரஷ் கழுவிய இரண்டு வாளி.

படம் அழகாகத்தான் இருந்தது, மறுக்கவில்லை. ஒரு பெண்ணின் முகம், அவள் கூந்தல் ஆறாக ஓடுகிறது, ஆற்றோரம் மயில், யானை, அப்புறம் ஒரு துருவக் கரடி. பாலக்கோட்டில் துருவக் கரடி எதற்கு என்று கேட்கும் தைரியம் அன்றைக்கு யாருக்கும் இல்லை. செல்பி எடுத்தார்கள். ஒரு மாதம் கழித்துச் செல்பியும் நின்றது. மேற்குப் பார்த்த சுவர், நம் ஊர் வெயில். இரண்டாவது கோடையில் சிவப்பு வெளுத்தது, மூன்றாவதில் கரடி உரிய ஆரம்பித்தது. வெளிச்சுவருக்கு அடிக்கும் எமல்ஷன் என்பது அக்ரிலிக், அதாவது மெல்லிய பிளாஸ்டிக் தோல். உரிந்ததெல்லாம் காற்றில் ஏரிக்குள்தான் போகிறது. ஏரியைக் காப்பாற்ற வரைந்த படம் ஏரிக்குள்ளேயே குப்பையாக இறங்குவதைப் பார்க்கக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

அதற்காகச் சுவரே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பர்கூர் பக்கம் மல்லப்பாடியில் பாறையில் வெள்ளை நிறத்தில் குதிரை வீரர்களைத் தீட்டி வைத்திருக்கிறார்கள், இன்னும் தெரிகிறது. அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயில் மண்டப விதானத்தில் பழைய ஓவியங்கள் இருக்கின்றன. சுண்ணாம்பும் மண் நிறமும் நம் ஊருக்குப் புதுசில்லை. குறை சுவரில் இல்லை, யாரைக் கூப்பிட்டோம், எதை வரையச் சொன்னோம் என்பதில்தான்.

இது மூன்றாம் வருடம்தான் புரிந்தது. எங்கள் ஊரில் போர்டு எழுதுகிற பெரியவர் ஒருவர் இருக்கிறார். ஃபிளெக்ஸ் வருவதற்கு முன்னால் கடைப் பெயர், கட்சி விளம்பரம், சினிமா தட்டி என்று கை ஓயாமல் எழுதியவர். இப்போது லாரிக்குப் பின்னால் எழுதிப் பிழைக்கிறார். அவரிடம் 12,000 ரூபாய் பேசி, அதே சுவரில் உரிந்த பகுதியைச் சுரண்டிவிட்டு, சுண்ணாம்பும் காவியும் வைத்து எங்கள் ஏரியின் வரைபடத்தைப் போடச் சொன்னோம். எந்த மலையடிவாரத்திலிருந்து தண்ணீர் வருகிறது, வரத்துக் கால்வாய் எப்படி வளைகிறது, மதகு எங்கே, கோடி எங்கே, கோடித் தண்ணீர் அடுத்து எந்த ஏரிக்குப் போகிறது. அவ்வளவுதான். யானை கிடையாது, கண்ணீர் விடும் பூமி கிடையாது.

படம் முடிவதற்குள் சண்டை வந்துவிட்டது. கால்வாய்க் கோடு ஒருவருடைய புது வீட்டுக் காம்பவுண்டுக்குள் நுழைந்து வெளியே வந்தது. "யாரைக் கேட்டு இப்படிப் போட்டீங்க?" என்று அவர் வந்து நின்றார். பெரியவர் ஏணியிலிருந்து இறங்கவே இல்லை. "நான் சின்னப் பையனா இருக்கறப்ப இதுலதான் மீன் புடிச்சேன்" என்று சொல்லிவிட்டுக் கோட்டை முடித்தார். துருவக் கரடிக்கு இப்படி யாரும் சண்டைக்கு வரவில்லை.

இரண்டாம் வருடம்: பாட்டில் மீன்

இதைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடுகிறேன். பள்ளிப் பிள்ளைகளை வைத்துப் பிளாஸ்டிக் பாட்டில்களால் பெரிய மீன் செய்வதாகத் திட்டம். கம்பிக்கூண்டு போட்டுக்கொடுத்த வெல்டிங் பட்டறைக்காரருக்கு 9,000 ரூபாய் போனது. மற்றபடி உள்ளூர்க் கலைஞர் என்று யாருக்கும் ஒரு ரூபாய்கூடப் போகவில்லை. பொறுக்கிய பாட்டில் மீனின் வாலுக்குக்கூடப் போதவில்லை. கடைசியில் பழைய பேப்பர் கடையில் மூட்டையாகக் காசு கொடுத்து வாங்கினோம். மறுசுழற்சிக்குப் போயிருக்க வேண்டிய பாட்டிலை விலைக்கு வாங்கி ஏரிக்கரையில் கொண்டுவந்து வைத்த பெருமை எங்களைச் சேரும். ஒரு வருட வெயிலில் பாட்டில்கள் மொரமொரவென்று நொறுங்கத் தொடங்கின. துண்டுகளை இன்னும் பொறுக்கிக்கொண்டிருக்கிறோம்.

கழிவிலிருந்து கலை செய்யவே முடியாதா என்றால் முடியும். ஆனால் அந்தக் கழிவு வெயிலில் சாகாததாக இருக்க வேண்டும், அதைக் கையாளத் தெரிந்தவர் இருக்க வேண்டும். நீலகிரி, கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடிக் கைவினைஞர்கள் உண்ணிச்செடியில் செய்யும் ஆளுயர யானைகள் 2021-இல் லண்டன் பூங்காக்களில் நின்றன, 2024-இல் அமெரிக்காவுக்கும் போயின. காட்டை அடைத்துக்கொண்டு வளரும் அந்நியச் செடியை வெட்டி, வேகவைத்து, தோலுரித்து, கம்பிச் சட்டத்தில் வளைத்துச் செய்கிறார்கள். வெட்ட வெட்ட காட்டுக்கு நல்லது, செய்கிறவர்களுக்குக் கூலி. உண்ணிச்செடி ஓசூர்க் காடுகளிலும் மண்டிக் கிடக்கிறது, ராகி விளையும் பருவத்தில் யானைகளும் தேன்கனிக்கோட்டை வழியாக வருகின்றன. பொருத்தம் எல்லாம் சரி. காப்புக்காட்டில் ஒரு குச்சி எடுக்கவும் வனத்துறை அனுமதி வேண்டும், வளைக்கத் தெரிந்த கை வேண்டும். 75,000 ரூபாய்க் குழுவுக்கு எட்டாத உயரம். ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய ஊர்களுக்கு வேண்டுமானால் பழைய இரும்பு நல்ல வழி. அங்கே வெல்டிங் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை, இரும்பு துருப்பிடித்தாலும் நொறுங்கிப் பறக்காது.

புகைப்படக் கண்காட்சி என்றும் ஒரு யோசனை வந்தது. ஓசூர்ப் பக்கம் கெலவரப்பள்ளி அணையில், பெங்களூர்க் கழிவோடு வரும் தென்பெண்ணை நுரை பொங்கி வெள்ளையாக மிதப்பதைப் படமெடுத்து வைக்கலாம் என்றார்கள். பார்த்தவர் எல்லாம் "பெங்களூர்க்காரன் பண்ற வேலை" என்று சொல்லிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள் என்று தோன்றியது. விட்டுவிட்டோம்.

மூன்றாம் வருடம்: மண்ணும் கூத்தும்

இந்த முறை கேள்வியை மாற்றிக்கொண்டோம். சுற்றுச்சூழலைப் பற்றி எந்தக் கலை பேசும் என்று தேடாமல், இந்த ஏரி இல்லாவிட்டால் தொழில் கெட்டுப்போகிற கலைஞர் யார் என்று தேடினோம். முதலில் கிடைத்தவர் குயவர்.

சதுர்த்திக்கு எங்கள் ஏரியில் விழுவது பெரும்பாலும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பிள்ளையார். ஜிப்சத்தைச் சூடாக்கி அதிலுள்ள நீரை எடுத்துவிட்டுச் செய்கிற மாவு அது. தண்ணீர் பட்டால் மறுபடி இறுகும். கரையாமல் கையும் தும்பிக்கையுமாகக் கோடைவரை சேற்றில் கிடக்கும். அந்தச் சிலை கூடாது என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2020 வழிகாட்டுதலே சொல்கிறது. சொல்லி என்ன, அச்சில் வார்ப்பதால் விலை மலிவு, எடையும் குறைவு, பளபளப்பும் கூடுதல். பக்திக்கு முன்னால் விலைதான் கண்ணில் படுகிறது.

குயவரிடம் 200 சின்னப் பிள்ளையாருக்கு ஆடி பிறக்கும் முன்பே பாதிக் காசு முன்பணம் கொடுத்தோம், மொத்தம் 20,000. முன்பணம்தான் இதில் முக்கியம். சதுர்த்திக்கு முந்தைய நாள் வந்து பேரம் பேசி ஒன்று வாங்குவதை ஆதரவு என்று சொல்லக் கூடாது. முன்பணம் இருந்தால் அவர் மண்ணைப் புளிக்கவைத்து, நிழலில் நிதானமாக உலர்த்தி, வெடிப்பில்லாமல் செய்வார். அவரிடம் நான் கற்றுக்கொண்ட இரண்டு விஷயங்கள். ஒன்று, சுட்ட மண் கரையாது. "மண் பிள்ளையார்தானே" என்று சூளையில் வெந்ததை வாங்கிக்கொண்டு போய் ஏரியில் போட்டால் அது ஓடாகத்தான் கிடக்கும். பச்சை மண்ணில் செய்ததுதான் கரையும். பெரிய சிலை என்றால் காகிதக்கூழும் மரவள்ளிக்கிழங்கு மாவும். இரண்டு, விதைப் பிள்ளையார். உள்ளே விதை வைத்து விற்கிறார்களே, அதை ஏரியில் கரைத்தால் விதை அழுகிப்போகும். வீட்டுத் தொட்டியில் கரைத்தால்தான் முளைக்கும். வாங்குகிற பலருக்கு இது தெரிவதில்லை.

இதில் எனக்குப் பிடித்தது மண் போகிற வழி. குயவருக்கு வேண்டிய களிமண் எங்கள் ஏரியிலேயே இருக்கிறது. மண்பாண்டத் தொழிலுக்கு ஏரி மண் எடுக்க 2024 முதல் தாசில்தார் அளவிலேயே இலவசமாக அனுமதி வாங்க முடிகிறது. மண் எடுத்தால் ஏரி கொஞ்சம் ஆழமாகிறது, அந்த மண் பிள்ளையாராகி ஒரு நாள் வீட்டில் உட்கார்ந்துவிட்டு மறுபடி ஏரிக்கே வருகிறது. குறை என்று பார்த்தால், ஊரில் 200 வீட்டுக்கு இது போனது, மூன்று தெருக்களில் வைத்த பெரிய சிலைகள் பழைய மாதிரியேதான். இளைஞர் மன்றத்துக்கு உயரம் வேண்டும். அதை எங்களால் அசைக்க முடியவில்லை.

இனி கூத்து. 35,000 ரூபாய், பதினைந்து பேர் கொண்ட ஜமா, இரவு பத்துக்கு ஆரம்பித்து விடியும்வரை. பங்குனியிலிருந்து ஆடிவரை பாரதம், அதாவது மகாபாரதக் கூத்துத் திருவிழா, நடக்கும் ஊர்களில் அவர்களுக்கு ஓய்விருக்காது. அதற்கப்புறம் கட்டட வேலை, கரும்பு வெட்டு. அதனால் புரட்டாசியில் கூப்பிட்டோம். ஓய்ந்த மாதத்தில் வரும் ஒரு ராத்திரி, சீசனில் வரும் மூன்று ராத்திரிக்குச் சமம் என்றார் ஜமாவை நடத்தும் வாத்தியார்.

அவரிடம் நாங்கள் இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு போனோம். "மரம் நடுவோம், மழை பெறுவோம்" வகையறா. படித்துப் பார்த்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "சார், இதையெல்லாம் நோட்டீஸ்ல போட்டுக்கங்க. நச்சுப்பொய்கை ஆடறோம், பாருங்க."

பாரதத்தில் வரும் கட்டம்தான். வனவாசத்தில் தாகத்துக்குப் பொய்கையில் நீர் குடித்த தம்பிகள் நால்வரும் ஒருவர் பின் ஒருவராக விழுந்து கிடப்பார்கள், தருமர் வந்து பொய்கையைக் காக்கும் யட்சனின் கேள்விகளுக்கு விடை சொல்லி மீட்பார். விஷமான தண்ணீரைப் பற்றி இதைவிட என்ன கதை வேண்டும்? எங்களுக்குத் தோன்றவே இல்லை. அன்றைக்குக் கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் செய்ததுதான் உச்சம். திரை விலகியதும் சொம்போடு வந்து, ஏரி எங்கே என்று முன்வரிசையில் ஒவ்வொருவராகக் கேட்டார். "ஏரியக் கேட்டா லேஅவுட்டக் காட்டறீங்களே, நான் பட்டா வாங்கறதா தண்ணி மொண்டுக்கறதா?" சிரிப்பு அடங்க நேரமானது. காம்பவுண்டுக்காரரும் சிரித்தார், நான் பார்த்தேன்.

கூத்தை எடைபோடும்போது படுகளத்தையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை. பாரதத்தின் கடைசி நாளில் துரியோதனனை மண்ணால் தரையில் ஐம்பது, அறுபது அடி நீளத்துக்குப் படுக்கவைப்பார்கள். தொடையில் சிவப்புத் தண்ணீர் வைத்திருப்பார்கள். பீமன் அடித்ததும் கூட்டம் அதன்மேல் ஏறும், மண்ணை வீட்டுக்கும் வயலுக்கும் எடுத்துப் போகிறவர்கள் உண்டு. அடுத்த மழைக்கு அங்கே ஒன்றும் இருக்காது. வெளிநாட்டில் வயலில் மண்ணைக் குவித்து நிலக்கலை என்று பெயர் வைத்துப் படமெடுக்கிறார்கள். நம் தருமபுரிப் பக்கத்து ஊர்களில் இதை வருடா வருடம் செய்துவிட்டுப் பெயர்கூட வைக்காமல் வீட்டுக்குப் போகிறோம்.

கூத்தில் குறை இல்லாமல் இல்லை. நள்ளிரவுக்குமேல் கூட்டம் பாதியானது, ஸ்பீக்கர் சத்தம் தாங்காமல் ஒரு வீட்டில் கோபித்துக்கொண்டார்கள். டீ குடித்த பேப்பர் கப்பை மறுநாள் கரையில் பொறுக்கியதும் நாங்கள்தான். அடுத்த தடவை மண் குவளை என்று குயவரிடம் சொல்லியிருக்கிறேன்.

ஒரே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் கூத்து என்பேன். இருபதாயிரத்துக்குள் என்றால் குயவருக்கு முன்பணம். பத்து, பன்னிரண்டாயிரம்தான் இருக்கிறது என்றால் போர்டு எழுதுகிறவரும் ஏரி வரைபடமும், சண்டை இலவசம். காசே இல்லையென்றால் ஜமாவில் யாருக்கு நாட்டுப்புறக் கலைஞர்கள் நலவாரிய அட்டை இல்லை என்று விசாரித்து விண்ணப்பம் எழுதிக்கொடுங்கள். எங்கள் ஜமாவில் நான்கு பேருக்கு இல்லை. பாட்டில் மீனை எந்தத் தொகைக்கும் சொல்ல மாட்டேன்.

போன வாரம் வாத்தியார் போன் செய்தார். இந்த வருடம் யட்சன் வேஷத்துக்குப் புதுக் கிரீடக் கட்டை செதுக்க வேண்டுமாம். கல்யாண முருங்கைதான் லேசாக இருக்கும், பக்கத்தில் எங்காவது இருக்குமா என்று கேட்டார். எங்கள் ஏரிக்கரையில் ஒன்று இருக்கிறது. ஒரு கிளை போதுமாம். வெட்டலாமா கூடாதா என்று குழுவில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.