ஏற்காட்டு ஷூட்டுக்கு பிரீமியரா, ரிசால்வா?

சேலத்தில் கல்யாண வீடியோ எடிட் செய்யும் என்னிடம் தம்பிகள் கேட்பது இதுதான்: எடிட்டிங் சாஃப்ட்வேரில் பிரீமியர் புரோவிலேயே இருக்கலாமா, டாவின்சி ரிசால்வுக்கு மாறலாமா?

வண்ணம் என்று வந்தால் ரிசால்வ்தான். ஏற்காட்டில் பகோடா பாயிண்ட் அவுட்டோர் ஷூட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஷாட்டில் நல்ல வெயில், அடுத்த ஷாட்டில் பனிமூட்டம். மூட்டத்தில் எடுத்தது, வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடமான ஸ்கோப்பில் நடுவிலேயே ஒடுங்கிக் கிடக்கும். சரியான கறுப்பும் இருக்காது, வெள்ளையும் இருக்காது. ரிசால்வில் ஒவ்வொரு திருத்தத்தையும் நோடு என்ற தனிப் பெட்டியில் வைக்கலாம். முதல் நோடில் கான்ட்ராஸ்டை மட்டும் விரிப்பேன். அடுத்த நோடில் மணப்பெண் முகத்தைச் சுற்றி விண்டோ என்ற வளையம் போட்டு, முகம் நகரும்போது அதுவும் கூடவே நகரும்படி டிராக் செய்து, தோலில் ஏறிய நீலச்சாயலைக் குறைப்பேன். பின்னால் இருக்கும் பனி அப்படியே நிற்கும், அந்த அழகுக்குத்தானே மலையேறுகிறார்கள்! பிரீமியரின் வண்ணத் திருத்தக் கருவியான லுமெட்ரியிலும் இப்படி ஒரு பகுதியை மட்டும் பிரித்து மாஸ்க் போடலாம். ஆனால் திருத்தங்கள் கூடக்கூட, எதை எங்கே செய்தோம் என்று தேடுவதே தனி வேலை.

காசிலும் ரிசால்வ் பக்கம்தான் நியாயம். இலவசப் பதிப்பிலேயே 3840 x 2160 அளவில் வெளியே எடுக்கலாம். ஸ்டூடியோ என்ற கட்டணப் பதிப்புக்கும் ஒரே தடவைதான் பணம். பிரீமியருக்குச் சந்தா. ஆடியில் முகூர்த்தம் கிடையாது, சந்தா மட்டும் நிற்காது.

டைட்டில் வேலை அதிகம் என்றால் பிரீமியரை விடாதீர்கள். மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் பட்டத்தைச் சேர்க்கச் சொல்லிக் கடைசி நேரத்தில் போன் வரும். பிரீமியரோடு இணைந்து ஓடும் டைட்டில், கிராபிக்ஸ் சாஃப்ட்வேரான ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் மாற்றினால் பிரீமியர் டைம்லைனில் தானாக மாறிவிடும். அப்புறம், ரிசால்வ் கிராபிக்ஸ் கார்டை நம்பி ஓடுவது. பழைய கம்ப்யூட்டர் என்றால் முதலில் அதைப் பாருங்கள்.