வக்கீல் பணத்தைத் தரவில்லையா: பார் கவுன்சிலா, சிவில் கோர்ட்டா?

விபத்து இழப்பீட்டுப் பணத்தை வாங்கி வைத்துக்கொண்டு, "அடுத்த வாரம் வாங்கம்மா" என்று வக்கீல் இழுத்தடிக்கிறார். வக்கீல் மீதான சேவைக் குறைபாட்டுப் புகாருக்கு நுகர்வோர் நீதிமன்றக் கதவை 2024-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அடைத்துவிட்டது.

சரி, வக்கீல்களைப் பதிவு செய்து அவர்களின் ஒழுங்கைக் கண்காணிக்கும் மாநில பார் கவுன்சில்? 1961 வழக்கறிஞர்கள் சட்டம், 35-ஆம் பிரிவு. 3 பேர் கொண்ட ஒழுங்கு நடவடிக்கைக் குழு விசாரிக்கும். கண்டிக்கலாம், தொழில் செய்ய இடைக்காலத் தடை போடலாம், பதிவேட்டிலிருந்து பெயரையே நீக்கலாம். ஓராண்டில் முடிக்காவிட்டால் விசாரணை இந்திய பார் கவுன்சிலுக்கு மாறும். வக்கீல்கள் உண்மையில் அஞ்சுவது இந்த ஒழுங்கு நடவடிக்கைக்குத்தான். ஆனால் பணத்தை வசூலித்துத் தருவது பார் கவுன்சிலின் வேலை இல்லை.

பணம் வேண்டுமென்றால் சிவில் வழக்கு. நீதிமன்றக் கட்டணம் உண்டு, வழக்குப் போடப் பொதுவாக 3 ஆண்டுக் கெடுவும் உண்டு. பார் கவுன்சில் புகார், சிவில் வழக்கு இரண்டையும் சேர்த்தே தொடரலாம். நானாக இருந்தால் அப்படித்தான் செய்வேன். வக்காலத்து (வக்கீலை நியமித்துக் கையெழுத்திட்ட படிவம்) நகல், வங்கிக் கணக்கு விவரம், வாட்ஸ்அப் செய்தி எதையும் அழித்துவிடாதீர்கள்.