தூரம் சரி, நேரம்தான் வம்பு

"கட்டணத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டார்களாமே, வாங்கலாமா?" என்று நண்பர் கேட்டார். விமான தூரம் பார்க்கும் அந்தச் செயலி மூன்று வருடமாக என் போனில் இருக்கிறது. இரண்டு ஊர்ப் பெயர் கொடுத்தால் தூரமும் பறக்கும் நேரமும் சொல்லும். தெரிந்த கதைதான்.

தூரத்தில் குறை சொல்ல மாட்டேன். டோக்கியோ, நியூயார்க் என்று கொடுத்துப் பாருங்கள். தட்டையான வரைபடத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, பசிபிக்கின் குறுக்கே நேராக ஒரு கோடு போதும் என்றுதான் தோன்றும். இதுவோ வடக்கே வளைந்து அலாஸ்கா மேலே ஏறிப் போகும். முதல் நாள் ஏதோ பிழை என்றே நினைத்தேன். அப்புறம் ஓர் உலக உருண்டையில் நூலை இழுத்துப் பிடித்தேன். அதே வளைவு! அன்றிலிருந்து பொழுது போகாவிட்டால் ஊர் ஊராகத் தட்டிக்கொண்டிருப்பேன். கடல் மைல் (1.852 கி.மீ.) வேறு, சாதா மைல் (1.609 கி.மீ.) வேறு என்று பிரித்துக் காட்டுவதும் பிடிக்கும்.

நேரம்தான் வயிற்றெரிச்சல். நானே கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன்: தூரத்தை மணிக்கு 850 கி.மீ. என்ற வேகத்தால் வகுத்து, ஏற இறங்க அரை மணி கூட்டுகிறது. அவ்வளவுதான் வித்தை. லண்டன்-நியூயார்க் சுமார் 5,550 கி.மீ. போக 7 மணி நேரம், வரவும் 7 மணி நேரம். காற்று என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. 10 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் ஜெட் காற்று, குளிர்காலத்தில் மணிக்கு 200 கி.மீ.யையும் தாண்டும். 2020 பிப்ரவரியில் ஒரு போயிங் 747 விமானம் அதன் முதுகில் ஏறி, நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து இறங்கியது. எதிர்த்திசையில் போனால் 8 மணி நேரம்கூடச் சாதாரணம்.

செயலி சொன்ன நேரத்தை நம்பித்தான் ஒரு ஜனவரியில் மைத்துனரை நியூயார்க் விமான நிலையத்தில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் குளிரில் நிற்க வைத்தேன். டிக்கெட்டில் இறங்கும் நேரம் தெளிவாக அச்சிட்டிருந்தது, திறந்து பார்க்கச் சோம்பல். அதைச் செயலியின் தலையில் கட்டக் கூடாதுதான். அவர் அப்படி நினைக்கவில்லை, அது வேறு விஷயம்.

சரி, காற்று தினமும் மாறும், விட்டுவிடலாம். ஹெல்சிங்கி-டோக்கியோவுக்கு என்ன சாக்கு? சுமார் 7,800 கி.மீ., ஒன்பதே முக்கால் மணி நேரத்துக்குள் என்கிறது. 2022இல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்டதிலிருந்து பின்லாந்தின் ஃபின்னேர் நிறுவன விமானங்கள் வட துருவம் வழியாகவோ தெற்கே சுற்றியோ சுமார் 13 மணி நேரம் பறக்கின்றன. எத்தனை அப்டேட் வந்தது! பொத்தான் நிறம் மாறியது, இந்த எண் மாறவில்லை.

வாங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தூரம் இலவசப் பதிப்பிலேயே வரும், காசு கேட்பதே இந்த நேரத்துக்குத்தான். போன வாரம் நான் சந்தாவைப் புதுப்பித்தது உண்மைதான். அந்தக் கோடு வளைந்து ஏறும்போது நடுவில் விளம்பரம் வந்தால் எனக்குப் பொறுக்காது.