பெரியப்பாவின் 11 கேசட்டுகளும் முத்தியால்பேட்டைக் கடையும்

பழைய வீடியோ கேசட்டுகளைப் பரணில் போட்டுவிட்டு, தூக்கி எறியவும் மனமில்லாமல் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். புதுச்சேரி முத்தியால்பேட்டை மணிக்கூண்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு சின்னக் கடை இருக்கிறது. ‘கேசட்டுகள் பென்டிரைவில் மாற்றித்தரப்படும்’ என்று ஒரு தகரப் பலகை, அவ்வளவுதான். கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து மூன்று முறை பஸ் ஏறிப் போய்வந்தேன்.

எங்கள் பெரியப்பா சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். 1980-களின் கடைசியில் பாரிசில் இருந்த அவர் மகன், அங்கே டிவியில் பதிவுசெய்து அனுப்பிய கேசட்டுகள் 10. ராட் செர்லிங்கின் ‘ட்விலைட் ஜோன்’ என்ற அமெரிக்க விசித்திரக் கதைத் தொடரை அந்த ஊரில் ‘நான்காம் பரிமாணம்’ என்ற பெயரில் காட்டினார்கள். அது ஆறு கேசட். திகில் பட இயக்குநர் ஹிட்ச்காக் வழங்கிய அரைமணி நேரக் கதைகள் நான்கு கேசட். பதினோராவது, பிற்பாடு பெரியப்பாவே சன் டிவியிலிருந்து எடுத்த ‘மர்மதேசம்’.

சனிக்கிழமை ராத்திரி குருசுக்குப்பம் வீட்டில் பாய் விரித்துப் பிள்ளைகள் எல்லோரும் உட்காருவோம். பேச்செல்லாம் பிரெஞ்சு. பெரியப்பா பக்கத்தில் இருந்து தமிழில் சொல்லிக்கொண்டே வருவார். புத்தகம் படிக்க நேரமே கிடைக்காத பேங்க் குமாஸ்தா கதையை எத்தனை முறை பார்த்தோமோ! சாப்பாட்டு வேளையில் பெட்டக அறைக்குள் ஒளிந்து படித்துக்கொண்டிருக்கும்போது வெளியே குண்டு விழுந்து ஊரே அழிந்துவிடும். தனியாகப் பிழைத்தவர், இடிந்த நூலகத்துப் படிக்கட்டில் புத்தகங்களை மாதவாரியாக அடுக்கி வைப்பார். அந்த இடத்தில் பெரியப்பா படத்தை நிறுத்துவார். “இப்ப சொல்லு பாப்பா, இந்த ஆளுக்கு இனிமே என்ன குறை?” என்பார். நாங்கள் ஆளுக்கொன்று சொல்வோம். அப்புறம்தான் மிச்சம். முடிவை நான் சொல்லமாட்டேன், 1959-இல் வந்ததாக இருந்தாலும்.

ஹிட்ச்காக் கேசட் என்றால் தொடக்கத்துக்காகவே காத்திருப்போம். ஒரு சில கோட்டில் ஒரு பக்கவாட்டு முகம். அவரே வரைந்தது. அந்தக் கோட்டுக்குள் அவருடைய நிழல் நடந்துவந்து பொருந்தும். பின்னால் ஓடும் இசை கூனோ என்ற பிரெஞ்சுக்காரருடையது. “நம்ம பிரான்சுக்காரர் போட்ட பாட்டு” என்று ஒவ்வொரு தடவையும் பெரியப்பா சொல்வார், எங்களுக்கு அலுத்ததே இல்லை.

ஒவ்வொரு வாரமும் புது ஆட்கள், புதுக் கதை. கதாநாயகன் அடுத்த வாரத்துக்குத் தேவையில்லை. ஆகவே யாருக்கும் எதுவும் நடக்கலாம். அந்தப் பயம் இன்றைக்கு நீட்டி இழுக்கும் தொடர்களில் எனக்கு வருவதில்லை. ‘மர்மதேசம்’ அப்படியல்ல, ஒரே கதை மாதக்கணக்கில் போகும். ஆனாலும் இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கிய ‘விடாது கருப்பு’ நாட்களில் குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டால் கொல்லைப்பக்கம் போகமாட்டேன். அப்போது நான் காலேஜ் பெண்.

2011 டிசம்பரில் தானே புயல் அடித்தபோது கூரை பிய்ந்து பரணில் தண்ணீர் இறங்கியது. அப்போதிலிருந்து கேசட்டுகளில் பூஞ்சை. முதலில் வேறொரு இடத்தில் ஒன்றைக் கொடுத்துப் பார்த்தேன். அகலத் திரைக்காகப் படத்தை இழுத்து, எல்லோர் முகத்தையும் தட்டையாக்கித் தந்தார்கள். “கலரெல்லாம் போயிடுச்சு மேடம்” என்றும் சொன்னார்கள்.

முத்தியால்பேட்டை அண்ணன் கேசட்டை வாங்கியதும் திருப்பி, அடியில் இருந்த ஐந்து திருகாணிகளையும் கழற்றினார். நாடாச் சுருளின் ஓரத்தில் வெள்ளையாக மாவு தூவினாற்போல் பூஞ்சை. அதைச் சுத்தம் செய்யவென்றே தனியாக ஒரு பழைய டெக் வைத்திருக்கிறார். நல்ல மெஷினில் போட்டால் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு அடுத்தவர் கேசட்டையும் கெடுக்குமாம். அப்புறம் ஒரு கேள்வி கேட்டார்: “இது பிரான்சுல எடுத்ததாம்மா?”

அங்கே தான் விஷயம். டிவியில் கலர் காட்ட பிரான்சில் அப்போது ‘சேகாம்’ (SECAM) என்றொரு முறை, நம் ஊரில் ‘பால்’ (PAL) என்றொரு முறை. சேகாம் கேசட்டை நம் வீட்டு டெக்கில் போட்டால் கறுப்பு வெள்ளையாகத்தான் ஓடும். கதைகளே கறுப்பு வெள்ளை என்பதால் எங்கள் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அவரிடம் இரண்டு முறைக் கேசட்டும் ஓடும் மெஷின் இருந்தது. போட்டுக் காட்டினார். ஒரு கதை முடிந்து அடுத்தது தொடங்கும் முன்னால் அறிவிப்பாளர் பெண் வந்தார். மஞ்சள் கோட்டு! பத்து வயதிலிருந்து நான் சாம்பல் நிறத்தில் பார்த்த பெண். கடையிலேயே கண் கலங்கிவிட்டது.

ஒரு கேசட்டுக்கு 450 ரூபாய், பூஞ்சை சுத்தம் செய்ய 150. மூன்று மணி நேரக் கேசட் என்றால் மூன்று மணி நேரம் ஓடவிட்டுத்தான் பதிய முடியும், அதனால் 11 கேசட்டுக்கு இரண்டு வாரம் ஆனது. அவசரப்பட்டுப் பயனில்லை. போன் செய்தால் பாதி நேரம் எடுப்பதில்லை, இது ஒரு குறைதான். படத்தின் அளவை மாற்றவில்லை, பளபளப்பாக்குகிறேன் என்று எதையும் பூசவில்லை. எனக்கு ரொம்பப் பிடித்தது இன்னொன்று. கேசட் முதுகில் பெரியப்பா சிவப்புப் பேனாவில் ‘புஸ்தகப் பைத்தியம்’, ‘ஆட்டுத்தொடை’ என்று தானே பெயர் வைத்து எழுதியிருப்பார். பென்டிரைவைத் திறந்தால் ஃபைல்களுக்கும் அதே பெயர்கள், தமிழிலேயே. நான் கேட்காமலே செய்திருந்தார்.

‘ஆட்டுத்தொடை’ மட்டும் நாடா அறுந்திருந்தது. ரோல்ட் டால் என்ற எழுத்தாளரின் கதை, 1958-இல் ஹிட்ச்காக்கே இயக்கியது. போலீஸ்காரர்கள் சாப்பிட உட்காரும் இடத்தில் ஒட்டுப்போட்டுச் சேர்த்தார். நாலு நொடி போய்விட்டது என்று அவரே முதலில் சொல்லிவிட்டார், அந்தக் கேசட்டுக்கு முழுக் காசும் வாங்கவில்லை. கதைக்கு ஒரு குறையும் வரவில்லை.

கடை மதியம் ஒன்றிலிருந்து நான்கு வரை மூடியிருக்கும். காலையிலேயே போய்விடுங்கள், கேசட்டைப் படுக்கவைக்காமல் நிற்கவைத்துக் கொண்டுபோங்கள்.